டர்போ கார் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய எண்ணெய் விஷயம்

தோட்டப்புறத்திலும் தாமான்களிலும் வீட்டு வாசலில் நிற்கும் கார்கள் மாறிவிட்டன. கஞ்சிலும் பழைய சாகாவும் நின்ற இடத்தில் இப்போது புரோட்டோன் எக்ஸ்50, பெரோடுவா அத்திவா, இரண்டாம் கையாக வாங்கிய டர்போ பிரேவே, தோட்ட வேலைக்கு ஓடும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் நிற்கின்றன. இவை எல்லாவற்றிலும் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு டர்போ என்ற சிறிய உருளை ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் இன்ஜினை ஒன்றரை லிட்டர் இன்ஜின்போல இழுக்க வைப்பது அதுதான்.

அது கெட்டுப்போனால் என்ன செலவு என்பதைப் பலர் பட்டறையில் நிற்கும்போதுதான் அறிகிறார்கள். புதிய டர்போ, குழாய்கள், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்துப் போமன் எழுதிக் கொடுக்கும் தொகை பல கார்களில் சில ஆயிரம் வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், அது ஒரு தொழிலாளியின் இரண்டு மூன்று மாத உழைப்பு. காரின் மாதத் தவணை அதற்காக நிற்கப்போவதில்லை. இத்தனைக்கும் டர்போ தானாகக் கெடுவது குறைவு. பெரும்பாலும் அதற்குப் போக வேண்டிய எண்ணெய் போகவில்லை, அல்லது போன எண்ணெய் அழுக்காக இருந்தது, அல்லது போன எண்ணெய் திரும்பி வர வழியில்லை. இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

இங்கே எண்ணெய் என்பது இன்ஜின் எண்ணெய். நம் பேச்சில் "எண்ணெய் போட்டுட்டு வரேன்" என்றால் பெட்ரோல் என்றுதான் பொருள். பட்டறையில் மிஞ்ஞாக் ஹித்தாம் என்று கேட்டு வாங்கும் கறுப்பு எண்ணெய்தான் இங்கே பேசப்படுவது. இரண்டும் காருக்கு வேண்டும்தான். ஆனால் பெட்ரோல் தீர்ந்தால் கார் நிற்கும், அவ்வளவுதான். கறுப்பு எண்ணெய் தீர்ந்தால் கார் நிற்பதற்குள் இன்ஜின் போய்விடும்.

டர்போவின் வேலை எளிமையானது. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் அதற்கேற்ப எரிபொருளும் அதிகம் எரியும், இழுவையும் கூடும். வீணாகப் போகும் புகையிலிருந்து கிடைக்கும் பலம் இது.

கஷ்டம் அந்தத் தண்டில் இருக்கிறது. இன்ஜின் மீட்டரில் முள் 6,000ஐத் தொட்டால் நாம் காலை எடுத்துவிடுகிறோம். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது சாதாரணம். சிறிய கார்களின் குட்டி டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெட்ரோல் இன்ஜினில் அந்தப் பக்கம் வரும் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு தண்டு, ஒரு முனை நெருப்பிலும் மறுமுனை காற்றிலுமாக அந்த வேகத்தில் சுற்றுகிறது. பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது குண்டு பேரிங்கும் அல்ல. வெண்கலம் போன்ற உலோகத்தில் செய்த ஒரு வளையம், அதற்கும் தண்டுக்கும் இடையில் மயிரிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். தண்டு உண்மையில் எண்ணெயில் மிதக்கிறது. அந்தப் படலம் சில விநாடி இல்லாமல் போனாலும் உலோகத்தோடு உலோகம் உரசிவிடும். அந்த வேகத்தில் ஒருமுறை உரசினாலே போதும்.

எண்ணெய் அங்கே போய்ச் சேரும் வழியையும் தெரிந்துகொள்வது நல்லது. இன்ஜினின் அடித்தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறது. எண்ணெய் ஃபில்டரைக் கடந்து இன்ஜினின் பல பாகங்களுக்குப் பிரிகிறது. அதில் ஒரு கிளை, பேனா தடிமனில் ஒரு சிறிய குழாய் வழியாக டர்போவுக்கு ஏறுகிறது. குழாயின் முனையில் நடுவில் துளையிட்ட போல்ட் ஒன்று இருக்கும். சில கார்களில் அதற்குள் நெற்றிப்பொட்டு அளவுக்கு ஒரு வலையும் இருக்கும். பழைய எண்ணெயின் கரி முதலில் அடைப்பது அந்த இடத்தைத்தான். இன்ஜினுக்கு எண்ணெய் தாராளமாகப் போகும், எச்சரிக்கை விளக்கும் எரியாது, டர்போ மட்டும் பட்டினி கிடக்கும். டர்போ மாற்றிய கார் ஆறு மாதத்தில் மீண்டும் அதே புகையோடு வந்து நிற்பதற்கு இந்தப் போல்ட்டை யாரும் கழற்றிப் பார்க்காததே பல சமயம் காரணம்.

எண்ணெய் ஏறும் குழாயைப் பற்றியாவது சிலர் யோசிப்பதுண்டு. இறங்கும் குழாயை அநேகமாக யாருமே யோசிப்பதில்லை. எண்ணெய் டர்போவுக்கு அழுத்தத்தோடு வருகிறது, ஆனால் திரும்பும்போது அதைத் தள்ள எதுவும் கிடையாது. தன் எடையால் வழிந்து அடித்தொட்டிக்குப் போக வேண்டும், மழைநீர் கூரைப் பீலியில் வழிவதுபோல. அதனால்தான் திரும்பும் குழாய் ஏறும் குழாயைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கிறது. அது மடங்கினாலோ, மேடேறி இறங்கினாலோ, கரியால் பாதி அடைபட்டாலோ, எண்ணெய் டர்போவுக்குள்ளேயே தேங்கும். டர்போவின் சீல் நாம் நினைப்பதுபோல ரப்பர் சீல் அல்ல. மெல்லிய இரும்பு வளையம். தேங்கிய எண்ணெயை அதனால் தடுத்து வைக்க முடியாது. எண்ணெய் புகைக்குழாய்ப் பக்கம் கசிந்து நீலப் புகையாக வரும். காற்றுப் பக்கம் கசிந்து இன்டர்கூலர் ஹோசில் சேரும்.

உடனே "டர்போ சீல் போச்சு அண்ணே, டர்போ மாத்தணும்" என்று சொல்லிவிடுவார்கள். மாற்றிய பிறகும் புகை நிற்காது. கோளாறு டர்போவில் இல்லை, குழாயில். அல்லது இன்ஜினின் உள் காற்று வெளியேறும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டு, அடித்தொட்டியில் அழுத்தம் ஏறி, எண்ணெயைக் கீழே இறங்கவிடாமல் செய்கிறது. அந்த வால்வின் விலை டர்போவின் விலையில் மிகச் சிறு பங்குதான். புகை வந்தால் முதலில் இவ்விரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நல்ல போமன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிலிக்கோன் பசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கசிவு என்றால் பசை பூசுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். டர்போவின் எண்ணெய்க் குழாய் இணைப்பில் அந்தப் பழக்கம் ஆபத்தானது. போல்ட்டை இறுக்கும்போது பசை உள்பக்கமும் பிதுங்கும். பிறகு சூட்டில் துண்டு துண்டாகப் பெயர்ந்து துளையை அடைக்கும். அங்கே கேஸ்கெட்டும் செம்பு வாஷரும் மட்டுமே போட வேண்டும், அதுவும் புதியதாக.

இறக்கியவுடன் அணைப்பது

கெந்திங் மலை உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேல். குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறிய சிறிய டர்போ கார் அந்த ஏற்றம் முழுவதும் டர்போவை நம்பித்தான் ஏறுகிறது. உச்சியை அடைந்ததும் கார் நிறுத்துமிடம் கிடைத்த மகிழ்ச்சியில் உடனே இன்ஜினை அணைத்துவிடுகிறோம். பம்பு நிற்கிறது, எண்ணெய் ஓட்டம் நிற்கிறது. ஆனால் டர்போவின் புகைப் பக்கம் இன்னும் தணலாக இருக்கிறது. அந்தச் சூடு தண்டு வழியாக நடுப்பகுதிக்கு வந்து, அங்கே தங்கிய எண்ணெயை வேகவைக்கிறது. வாணலியை அடுப்பிலேயே மறந்தால் எண்ணெய் பிசுபிசுத்து, கறுத்து, ஒட்டிக்கொள்ளுமே, அதே கதைதான். ஒருமுறை நடந்தால் ஒன்றும் ஆகாது. மாதக் கணக்கில் நடந்தால் கரி சேர்ந்து வழி குறுகும்.

இன்றைய பெட்ரோல் கார்களின் டர்போவில் பெரும்பாலும் எண்ணெயோடு தண்ணீரும் ஓடுகிறது. இன்ஜின் அணைந்த பிறகும் அந்தத் தண்ணீர் சூட்டை ஓரளவு இழுத்துக்கொள்ளும். ஆகவே முன்பு ஜப்பானிய டர்போ கார்களில் மாட்டிய டர்போ டைமர் இன்று அவசியமில்லை. சந்தைக்குப் போய் நிதானமாகத் தாமானுக்குள் நுழைந்து வீட்டு வாசலில் நிறுத்தும் காருக்குக் காத்திருக்கவே தேவையில்லை. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக வந்ததே டர்போவைக் குளிர்வித்திருக்கும். காத்திருக்க வேண்டியது மலையேறிய பிறகு, நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நேராக ஓய்விடத்திற்குள் திரும்பிய பிறகு, பாரம் இழுத்து வந்த பிறகு. ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. பிள்ளைகள் இறங்கி, சாமான்களை எடுக்கும் நேரம்தான். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே நிறுத்திய காரின் இன்ஜினைத் தேவையின்றி ஓடவிடுவது சட்டப்படி குற்றம். அவர்கள் கடைசிச் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வருவதே சரியான வழி.

இன்னொரு பழக்கம், அணைப்பதற்கு முன் ஒருமுறை மிதித்து உறும வைப்பது. பழைய லாரிக்காரர்களிடமிருந்து வந்தது, இளைஞர்களும் ஸ்டைலுக்காகச் செய்கிறார்கள். மிதித்த வேகத்தில் டர்போ ஏறிச் சுழலும்போது சாவியைத் திருப்பினால், பம்பு நின்ற பிறகும் தண்டு பல விநாடி எண்ணெய் இல்லாமல் சுற்றும். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் மிதிப்பதும் அதுபோலத்தான். இரவு முழுவதும் எண்ணெய் கீழே வடிந்திருக்கும், மேலே ஏறச் சில விநாடி எடுக்கும். சீட் பெல்ட்டை மாட்டும் நேரம் கொடுத்தால் போதும். கிளம்பிய பின்னும் இன்ஜின் சூடாகும்வரை மெல்ல ஓட்டுவது நல்லது.

எந்த எண்ணெய், எவ்வளவு

காரோடு வந்த கையேட்டில் இரண்டு விஷயம் எழுதியிருக்கும். ஒன்று 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற பிசுக்கு எண். மற்றொன்று தர எழுத்து. பலர் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்றைய டர்போ இன்ஜின்களுக்குத் தர எழுத்தும் முக்கியம். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம், இவ்வகை இன்ஜின்களில் மெதுவாக ஓடும்போது நேரத்திற்கு முன்பே எரிந்து பிஸ்டனை உடைக்கும் கோளாற்றைத் தடுப்பதையும் கணக்கில் வைத்து வகுக்கப்பட்டது. புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும், அதையும் கையேடு சொல்லும். "நம்ம ஊர் சூடு, கெட்டியா ஊத்து" என்ற பழைய யோசனை எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது. கெட்டி எண்ணெய் அந்தப் பேனா தடிமன் குழாயில் ஏறத் தாமதமாகும்.

சில இன்ஜின்களில் தவறான எண்ணெய் இன்னொரு விதத்தில் கெடுக்கும். ஃபோர்டின் ஒரு லிட்டர் இகோபூஸ்ட் போன்ற இன்ஜின்களில் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. பொருந்தாத எண்ணெய் அந்த பெல்ட்டைக் கரைத்து உதிர்க்கும். உதிர்ந்த தூள் பம்பின் வாயிலுள்ள வலையை அடைத்தால் டர்போவுக்கு மட்டுமல்ல, எதற்குமே எண்ணெய் போகாது.

டர்போ காருக்கு முழு சிந்தெடிக் எண்ணெய்தான் ஏற்றது. சூட்டில் கரியாவது குறைவு. மினரல் எண்ணெயில் மிச்சம் பிடிக்கும் காசு டர்போவில் போய்விடும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை தேவை. போலி இன்ஜின் எண்ணெய் நம் நாட்டில் புதிய செய்தி அல்ல. உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் சோதனையில் கைப்பற்றிய செய்தி அவ்வப்போது வருவதுதான். தெரிந்த கடையில் வாங்குங்கள், மூடியின் சீலை உங்கள் முன்னாலேயே உடைக்கச் சொல்லுங்கள், காலி டப்பாவைக் குத்திச் சிதைத்துப் போடச் சொல்லுங்கள். அந்த டப்பாதான் மறுபடி நிரம்பி இன்னொருவருக்குப் போகும்.

மாற்றும் இடைவெளி கையேட்டின்படி. ஆனால் அது சொல்லும் கடுமையான பயன்பாடு என்ற பகுதியையும் படிக்க வேண்டும். பள்ளிக்கும் கடைக்குமாகத் தினம் மூன்று கிலோமீட்டர் ஓட்டுபவர் "என் கார் ஓடவே இல்லையே" என்பார். அந்தக் கார்தான் கடுமையாக உழைக்கிறது. இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் நின்றுவிடுவதால் ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கின்றன. இ-ஹெய்லிங் ஓட்டுபவர்கள் இன்னொரு வகை. ஏர்கானைப் போட்டுக்கொண்டு பயணிக்காகக் காத்திருக்கும் மணிக்கணக்கு கிலோமீட்டர் மீட்டரில் ஏறாது, எண்ணெய் மட்டும் வயதாகிக்கொண்டே இருக்கும். இவர்கள் இருவருமே கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைக் கணக்கில் வைப்பது நல்லது.

அளவு பார்க்கும் குச்சியை எத்தனை பேர் கடைசியாக எப்போது உருவினார்கள்? டர்போ இன்ஜின் ஓரளவு எண்ணெய் குடிப்பது இயல்பு. குச்சியின் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் வளைவுகளில் அடித்தொட்டி எண்ணெய் ஒரு பக்கம் சாயும். அளவு குறைவாக இருந்தால் பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, சமதரையில், இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். எண்ணெய் நுரைக்கும், நுரை தண்டைத் தாங்காது. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், பெட்ரோல் வாடையும் அடித்தால், எண்ணெயில் பெட்ரோல் கலந்திருக்கிறது. மாற்றிவிட வேண்டும்.

வெளியே தெரியும் ஹோஸ்களையும் பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் புரோட்டோன் தன் சிஎஃப்இ டர்போ இன்ஜின் கார்களைத் திரும்ப அழைத்து ஆயில் கூலர் ஹோசை மாற்றிக் கொடுத்தது. பிரேவே, சுப்ரிமா எஸ், எக்ஸோரா ஆகியவற்றின் டர்போ வகைகளில் இருப்பது அந்த இன்ஜின். இரண்டாம் கையாக வாங்கியவர்கள், தங்கள் காரில் அது மாற்றப்பட்டதா என்று சேவை மையத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்த ஹோஸ் விட்டுப்போனால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போகாது, மொத்தமாகப் போய்விடும்.

சிவப்பு விளக்கு, நீலப் புகை

மீட்டரில் எண்ணெய்க் குடுவை படத்தோடு சிவப்பு விளக்கு எரிந்தால், அது அளவு குறைகிறது என்ற நினைவூட்டல் அல்ல. அழுத்தமே இல்லை என்ற செய்தி. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல பட்டறை" என்ற கணக்கு இங்கே செல்லாது. பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே அணைத்துவிட வேண்டும், இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும். டர்போவைக் குளிர்விக்க ஒரு நிமிடம் காத்திருக்கும் விதியெல்லாம் இந்த நேரத்துக்கு இல்லை. இழுவைச் செலவு எவ்வளவானாலும் இன்ஜின் செலவை நெருங்காது.

அதற்கு முன்பே டர்போ சில அறிகுறிகளைக் காட்டும். மிதிக்கும்போது ஆம்புலன்ஸ் தூரத்தில் வருவதுபோல ஊளைச் சத்தம், இழுவைக் குறைவு, காலையிலோ சிக்னலில் நின்று கிளம்பும்போதோ நீலப் புகை. அடைத்துப்போன ஏர் ஃபில்டரும் டர்போவிலிருந்து எண்ணெயை உறிஞ்சி இழுக்கும். செம்மண் பாதையில் ஓடும் தோட்டத்து வண்டிகளில் இது அடிக்கடி நடப்பது. முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

டீசல் வண்டி ஓட்டுபவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. டர்போ மிக மோசமாகக் கசிந்தால், டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாக எரிக்கத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் தானாக ஏறும், வெள்ளைப் புகை மூடும். கியர் வண்டி என்றால் பிரேக்கை அழுத்தி மிதித்து, உயர் கியரில் போட்டு, கிளட்சை விட்டு மூச்சடைக்க வைக்கலாம். ஆட்டோ என்றால் அந்த வழி இல்லை. எல்லாரையும் இறக்கி விலகி நிற்பதே வழி. பானட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கையால் அடைக்கப் போகக் கூடாது. இன்ஜின் வெடித்தால் துண்டுகள் பறக்கும். நீலப் புகையோடு மாதக்கணக்கில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹைலக்ஸை இந்தக் காரணத்துக்காகவே நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும்.

டர்போவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழையது ஏன் செத்தது என்ற பதில் முதலில் வேண்டும். பதில் இல்லாமல் புதியதை மாட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல. எண்ணெய், ஃபில்டர் இரண்டும் புதிது. ஏறும் குழாயும் போல்ட்டும் புதிது, கழுவிப் போடுவது போதாது, உள்ளே ஒட்டிய கரி போகாது. இறங்கும் குழாய் சுத்தமாகத் திறந்திருக்க வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயையும் உடைந்த விசிறித் துண்டுகளையும் எடுத்தாக வேண்டும். மாட்டும்போது புதிய டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றிவிட வேண்டும். இன்ஜின் பிடிக்காதபடி செய்து பத்துப் பதினைந்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றி எண்ணெயை ஏற்ற வேண்டும். பிறகுதான் ஸ்டார்ட், அதுவும் மிதிக்காமல். இதைத் தவிர்த்தால் புதிய டர்போவின் ஆயுளில் பாதி முதல் அரை நிமிடத்திலேயே போய்விடலாம்.

ஹாஃப் கட் கடையில் வாங்கிய ஜப்பான் 660 சிசி டர்போ இன்ஜினைக் கஞ்சிலில் இறக்கும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். இன்ஜின் மாற்றியதை ஜேபிஜேவில் பதிய வேண்டும் என்பது தனி விஷயம். எண்ணெய் இறங்கும் குழாய்க்குத் தண்ணீர் ஹோசை வெட்டி மாட்டுவதுதான் அங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அந்த ரப்பர் சூட்டிலும் எண்ணெயிலும் ஊறிச் சில மாதத்தில் உள்பக்கம் உப்பி வழியை மூடிவிடும். எண்ணெய்க்கென்றே வரும் ஹோஸ் கொஞ்சம் விலை கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டாம் கை டர்போ கார் வாங்கப் போகிறவர்கள் பளபளக்கும் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கட்டும். தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. தார் போலக் கறுத்த பிசின் ஒட்டியிருந்தால் அந்தக் கார் எண்ணெய் மாற்றப்படாமல் ஓடியிருக்கிறது. பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோசை ஒரு போமனைக் கொண்டு கழற்றிப் பார்க்கலாம். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சகஜம், சாய்த்தால் ஊற்றும் அளவு சகஜமல்ல. ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஒருமுறை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று புகையின் நிறத்தைப் பாருங்கள். விற்பவர் ஏற்கெனவே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பாருங்கள்.